சுமாக்கைப் பயன்படுத்தும் முறை: புளிப்பும் துவர்ப்பும்

துபாயிலோ குவைத்திலோ தோகாவிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தூள் புதிதாக இராது. ஈரானியக் கடையில் கபாபும் சோறும் வரும்போது, மேசையில் உப்புக் குப்பிக்கு அருகே கருஞ்சிவப்புத் தூள் நிறைந்த இன்னொரு குப்பி இருக்கும். லெபனானியர் கடையில் அதே தூள் நறுக்கிய வெங்காயத்தின் மீது தூவப்பட்டு வரும். மிளகாய்த்தூள் என்று எண்ணி அதை ஒதுக்கிவைப்பவர்களும், அப்படி எண்ணியே அள்ளித் தூவிக்கொண்டு புளிப்பில் முகம் சுளிப்பவர்களும் உண்டு. அதில் காரம் சிறிதும் இல்லை. சுமாக் என்னும் குறுமரத்தின் காய்ந்த பழத்தோல்தான் அது.

ஊருக்கு வரும்போது ஒரு பொட்டலம் வாங்கிவந்து, புளியைப் போலவே அதையும் கரைத்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, யாராலும் வாயில் வைக்க முடியாத ஒரு குழம்பை நான் ஒருமுறை வைத்தேன். வாழைப்பூவைக் கள்ளன் நீக்காமல் வேகவைத்துத் தின்றதுபோல நாக்கு இழுத்துக்கொண்டது. செய்த தவறு எது என்று பிறகுதான் விளங்கியது. சுமாக்கில் புளிப்பும் உண்டு, துவர்ப்பும் உண்டு. இரண்டும் ஒரே செடியில் இருந்தாலும் இருக்கும் இடங்கள் வேறு. புளிப்பு பழத்தின் மேல்தோலிலும் அதை மூடியிருக்கும் மெல்லிய மயிர்களிலும் இருக்கிறது. துவர்ப்பு இலை, காம்பு, கொட்டை ஆகியவற்றில் மிகுந்திருக்கிறது. சமைப்பவருக்கு வேண்டியது முன்னது. தோல் பதனிடுபவருக்கும் சாயமிடுபவருக்கும் வேண்டியது பின்னது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் முறைகள் ஒவ்வொன்றும் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்பது தானாகவே புலப்படும்.

செடியை அறிதல்

மேற்கு ஆசியாவிலும் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளிலும் மசாலாவாகப் பயன்படுவது ரஸ் கோரியாரியா என்ற இனம். சிசிலித் தீவிலிருந்து துருக்கி, சிரியா, லெபனான், பாலஸ்தீனம் வழியாக ஈரான் வரை, சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த வறண்ட சரிவுகளில், வேறு பயிர் எதற்கும் உதவாத மண்ணில் இது வளர்கிறது. பெரும்பாலும் ஆள் உயரத்திலிருந்து அதன் இரு மடங்கு உயரத்துக்குள் நின்றுவிடும். வேம்பின் இலையைப் போல ஒரே ஈர்க்கில் இரு புறமும் சிற்றிலைகள் அமைந்திருக்கும். சிற்றிலைகளின் ஓரம் பல் பல்லாக இருக்கும். கிளை நுனியில் கொத்தாகப் பூத்து, கோடையின் முடிவில் மிளகை விடச் சற்றுப் பெரிய, மயிரடர்ந்த சிவப்புப் பழங்களாக முதிரும். அரமேய மொழியில் சிவப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்தே சுமாக் என்ற பெயர் வந்தது.

இனப் பெயரிலுள்ள கோரியாரியா என்ற சொல் தோல் பதனிடுவோரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. எலுமிச்சை பரவுவதற்கு முன்பு கிரேக்கரும் ரோமானியரும் உணவில் புளிப்புக்காக இதைச் சேர்த்தனர். அதே காலத்தில் அதன் இலைகள் தோல் பட்டறைகளுக்குச் சென்றன.

இது மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரி, பிஸ்தா, நம் சித்த மருந்துகளில் வரும் சேராங்கொட்டை ஆகியவையும் அதே குடும்பத்தவை. முந்திரியோ பிஸ்தாவோ மாம்பழமோ ஒவ்வாதவர்கள் சுமாக்கை முதன்முதலாக உண்ணும்போது விழிப்புடன் இருக்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வட அமெரிக்காவில் இதன் உறவினங்கள் பல உள்ளன. டொரொன்டோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வாழும் தமிழர்கள் சாலையோரங்களிலும் ஓடைக் கரைகளிலும் ஒரு குறுமரத்தை அடிக்கடி பார்த்திருப்பார்கள்: இளம் கிளைகள் மான்கொம்பின் மேலுள்ள பட்டுபோல மயிரடர்ந்திருக்கும், நுனியில் கூம்பு வடிவச் சிவப்புக் கொத்து நிமிர்ந்து நிற்கும், இலையுதிர் காலத்தில் மரம் முழுவதும் தீப்பிடித்ததுபோலச் சிவக்கும். அதுதான் மான்கொம்புச் சுமாக். அங்குள்ள தொல்குடி மக்கள் நெடுங்காலமாக அதன் பழக்கொத்துகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பருகிவந்துள்ளனர். காய்ந்த இலைகளைப் புகைக்கும் கலவையில் சேர்த்துள்ளனர். தண்டின் நடுவிலுள்ள மென்மையான சோற்றைத் தள்ளிவிட்டுக் குழாயாக்கி, மேப்பிள் மரத்தில் செருகிப் பால் வடித்துள்ளனர். தென்மேற்குப் பகுதியின் நவஹோ, ஹோபி மக்கள் மூவிலைச் சுமாக்கின் வளையும் குச்சிகளால் கூடை முடைகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். நச்சுச் சுமாக் என்று வழங்கும் செடி ஒன்று அதே கண்டத்தின் கிழக்குப் பகுதியில் உண்டு. அதன் சாறு மேலே பட்டால், சேராங்கொட்டைப் பால் பட்டதுபோலவே தோல் கொப்பளித்துப் புண்ணாகும். இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. நச்சுச் செடியின் பழங்கள் வெளிர்நிறத்தவை, தளர்வாகத் தொங்குபவை. அதன் சிற்றிலைகளின் ஓரத்தில் பற்கள் இல்லை. அது நீர் தேங்கிய சதுப்பில் மட்டுமே வளரும். உண்ணத்தக்க சுமாக்கின் பழங்கள் சிவந்தவை, நெருக்கமாகத் திரண்டு நிமிர்ந்து நிற்பவை. அது பெரும்பாலும் வறண்ட மேட்டில் வளரும். பழம் சிவப்பாக இல்லை என்றால் கையை நீட்டவே கூடாது என்ற ஒரே விதி போதும்.

பறித்தலும் பொடித்தலும்

பழம் நன்கு சிவந்தபின், பெருமழைக்கு முன் பறிக்க வேண்டும். புளிப்பு மேல்தோலின் மயிர்களில் இருப்பதால் மழைநீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். மழைக்குப் பின் பறித்த கொத்து பார்வைக்குச் சிவப்பாக இருந்தாலும் சுவையில் வெறும் சக்கைதான். ஐயம் இருந்தால் ஒரு பழத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பதே சிறந்த சோதனை. வண்டிப் போக்குவரத்து மிகுந்த சாலையின் ஓரத்தில் பறிக்க வேண்டாம். புளிப்பு போய்விடும் என்பதால் கொத்தைக் கழுவ முடியாது. எனவே தூசியில்லாத இடத்தில் பறிப்பதே வழி. கொத்தைப் பிளந்து உள்ளே புழு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துருக்கியிலும் லெபனானிலும் கொத்துகளைக் காம்போடு வெட்டி, துணியின் மேல் பரப்பிச் சில நாட்கள் வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்தபின் கையால் தேய்த்தோ கோலால் தட்டியோ காம்பை நீக்குவார்கள். அடுத்து உரலில் மென்மையாக இடிக்க வேண்டும், ஓங்கிக் குத்தக்கூடாது. மேல்தோல் உதிர்ந்து, கடினமான கொட்டை முழுதாக நிற்பதே நல்ல இடியின் அடையாளம். அதைச் சல்லடையில் சலித்தால் தோல் கீழே விழும், கொட்டை மேலே தங்கும். மிக்சியில் போட்டால் கொட்டையும் சேர்ந்து நொறுங்கித் துவர்ப்பை ஏற்றிவிடும். வேறு வழியில்லாதபோது இரண்டு மூன்று முறை மட்டும் விட்டு விட்டுச் சுழற்றிச் சலிக்கலாம். பழத்தோலில் இயல்பாகவே சிறிது பிசுபிசுப்பு இருப்பதால், கட்டிபடாமலிருக்க உப்பைச் சேர்த்துப் பொடிப்பது அந்நாடுகளின் வழக்கம். ஆகவே கடையில் வாங்கும் சுமாக்கில் பெரும்பாலும் உப்பு இருக்கும் என்பதை நினைவில் கொண்டு, சமைக்கும்போது உப்பைக் குறைத்தே தொடங்க வேண்டும்.

வாங்குபவர்கள் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. நல்ல தூள் மாதுளம்பழத் தோலின் கருஞ்சிவப்பிலிருந்து பழுப்புச் சிவப்பு வரை இருக்கும். விரல்களுக்கிடையே தேய்த்தால் சற்று ஈரப்பதமாகத் தோன்றும். முகர்ந்தால் உலர்ந்த பழத்தின் மணம் வரும். குங்குமம்போல ஒரே சீராகப் பளிச்சிட்டால் ஐயப்பட வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உள்ளன. ஒரு சிட்டிகையை எண்ணெயில் போட்டுக் கலக்கினால், சுமாக்கின் இயற்கை நிறம் எண்ணெயில் கரையாது. எண்ணெய் சிவந்தால் அதில் செயற்கைச் சாயம் ஏதோ இருக்கிறது. இன்னொரு சிட்டிகையைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரில் சிறிது சமையல் சோடாவைச் சேர்த்தால், செம்பருத்திப்பூ நீரைப் போலவே சிவப்பு மறைந்து சாம்பல் பூத்த வேறு நிறமாக மாற வேண்டும். மாறாமல் அதே சிவப்பாக நின்றால் அந்தப் பொட்டலத்தைத் திரும்ப வாங்க வேண்டாம்.

ஒளிபடாத, காற்றுப் புகாத குப்பியில் வைத்தால் ஓராண்டு வரை பயன்படும். சமையல் மேடைமேல் கண்ணாடிக் குப்பியில் அழகுக்காக வைத்தால் மூன்று மாதத்திலேயே நிறமும் புளிப்பும் மங்கிவிடும்.

உணவில் சேர்க்கும் முறைகள்

புளியைப் போல இதைத் தொடக்கத்தில் சேர்க்கக்கூடாது. அடுப்பை அணைத்தபின் சேர்க்க வேண்டும், அல்லது தட்டில் பரிமாறியபின் தூவ வேண்டும்.

முதலில் செய்துபார்க்க ஏற்றது வெங்காயம்தான். இரண்டு பெரிய வெங்காயத்தைத் தாள்போல மெல்லிய அரைவட்டங்களாக அரிந்து, கால் தேக்கரண்டி உப்பிட்டுக் கையால் நன்றாகப் பிசறி, பத்து நிமிடம் கழித்து வரும் நீரைப் பிழிந்துவிடுங்கள். அதில் ஒரு மேசைக்கரண்டி சுமாக்கையும் ஒரு கைப்பிடி நறுக்கிய பார்ஸ்லியையும் சேர்த்துக் கலந்து, மேலும் பத்து நிமிடம் வைத்திருங்கள். வெங்காயத்தின் காரநெடி அடங்கி, இளஞ்சிவப்பாக நிறம் ஏறியிருக்கும். சுட்ட இறைச்சி எதற்கும் இது துணையாகும். பார்ஸ்லி கிடைக்காவிட்டால் கொத்தமல்லியைச் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கொத்தமல்லியின் மணம் சுமாக்கை அமுக்கிவிடும் என்பதே என் அனுபவம்.

லெபனானியரின் பத்தூஷ் என்னும் சாலட்டில், தக்காளி, வெள்ளரி, முள்ளங்கி, கீரைகளோடு பொரித்த ரொட்டித் துண்டுகள் சேரும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சுமாக்கும் அதன் மேல் விழும். ரொட்டி நமுத்துப்போகாமல் இருக்க, உண்ணும் நேரத்தில்தான் கலக்க வேண்டும்.

பாலஸ்தீனரின் முசக்கான் இன்னும் பெரிய வேலை. ஆனால் சுமாக்கின் தன்மையை அதைப்போல உணர்த்தும் உணவு வேறில்லை என்றே கருதுகிறேன். ஒரு கோழிக்கு ஒரு கிலோ வெங்காயம் என்பது மிகையாகத் தோன்றலாம், குறைக்க வேண்டாம். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, முக்கால் கோப்பை ஆலிவ் எண்ணெயில், சிறுதீயில், நிறம் மாறாமல் நாற்பது நிமிடம் வரை வதக்க வேண்டும். அது குழைந்து இனிப்பேறியதும் அடுப்பை அணைத்துவிட்டு, மூன்று மேசைக்கரண்டி சுமாக்கையும் தேவையான உப்பையும் கலக்க வேண்டும். தடித்த தட்டை ரொட்டியின் மேல் இந்த வெங்காயத்தைப் பரப்பி, ஏலமும் பட்டையும் இட்டு முன்பே வேகவைத்துப் பின் வாட்டிய கோழித் துண்டுகளை அதன் மேல் வைத்து, ரொட்டியின் ஓரம் மொறுமொறுக்கும் வரை சூட்டடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். அங்கே இதைப் புதிய ஆலிவ் எண்ணெய் ஆட்டும் பருவத்தோடு இணைத்தே பேசுவார்கள். எண்ணெய் ரொட்டிக்குள் ஊறி விரல் வழியே வடிவதுதான் அதன் இலக்கணம். சுமாக்கின் புளிப்பு அந்த எண்ணெய்ப் பசையையும் வெங்காயத்தின் இனிப்பையும் வெட்டிக்கொண்டு நிற்கும்.

ஜாத்தர் பொடிக்கு அடிப்படையான மூலிகை அப்பகுதிக்கே உரிய ஒரு செடி; அதன் மணம் நம் கற்பூரவள்ளியையும் ஓமத்தையும் நினைவூட்டும். அதன் காய்ந்த இலைத்தூள் நான்கு பங்கு, வறுத்த எள் இரண்டு பங்கு, சுமாக் ஒன்றரைப் பங்கு, உப்பு அரைப் பங்கு என்பது நான் கலக்கும் அளவு. வீட்டுக்கு வீடு இது மாறும். எள்ளை வறுத்து முழுதும் ஆறவிட்ட பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் விடுவதுபோல, இதற்கு ஆலிவ் எண்ணெயை விட்டு ரொட்டியைத் தொட்டு உண்பார்கள்.

ஈரானில் மார்ச் மாதம் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு, பாரசீக எழுத்தில் ‘ஸ’ ஓசையில் தொடங்கும் ஏழு பொருள்களைப் பரப்பி வைப்பது மரபு. அவற்றுள் பூண்டு, ஆப்பிள், வினிகர் ஆகியவற்றோடு சுமாக்கும் இடம்பெறும். உதிக்கும் சூரியனின் நிறத்துக்காக அதை வைக்கிறார்கள்.

சுமாக் நீர் எடுத்தல்

முழுப் பழம் கிடைக்குமானால், தூளை விட நீர்தான் பல சமையல்களுக்கு ஏற்றது. அரைக் கோப்பை பழத்தை இரண்டு கோப்பைத் தண்ணீரில் நசுக்கி ஊறவைத்து, ஒரு மணி நேரத்துக்குப் பின் வடிகட்ட வேண்டும். தண்ணீர் குளிர்ந்ததாகவோ வெதுவெதுப்பாகவோ இருக்கலாம், கொதிக்கக்கூடாது. எலுமிச்சைச் சாறு சேரும் இடங்களிலெல்லாம் இந்நீரைச் சேர்க்கலாம். துருக்கியின் தென்கிழக்கில் இந்த நீரை வற்றவைத்து, புளிக்கரைசலைப் போலக் கெட்டியாக்கி ஆண்டு முழுவதும் சேமித்து வைப்பார்கள்.

மான்கொம்புச் சுமாக்கிலிருந்து பானகம் எடுப்பவர்கள் ஆறு கொத்துக்கு இரண்டு லிட்டர் குளிர்ந்த நீர் என்று கொண்டு, கையால் கசக்கிவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை சுவைத்துப் பார்க்க வேண்டும். புளிப்பு இறங்கியதும் உடனே வடித்துவிட வேண்டும்; இரவு முழுவதும் விட்டுவைத்தால் காம்பின் துவர்ப்பும் இறங்கும். மயிர்கள் தொண்டையில் உறுத்தும் என்பதால் சல்லடை மட்டும் போதாது. வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுவது அவசியம். பிறகு சர்க்கரையோ தேனோ சேர்த்துப் பருகலாம்.

கொதிக்கக்கூடாது என்ற விதிக்கு நேர்மாறான ஓர் உணவு உண்டு. காசா நகரத்தின் சுமாக்கிய்யாவில் முழுப் பழத்தை நீரில் கொதிக்கவைத்தே சாறு எடுக்கிறார்கள். அந்தச் சாற்றில் இறைச்சி, சுவிஸ் சார்ட் எனப்படும் கீரை, கொண்டைக்கடலை, பூண்டு, சதகுப்பை விதை, மிளகாய், எள்ளை அரைத்த தஹினா ஆகியவை சேர்ந்து கெட்டியாகின்றன. இறைச்சியிலும் எள்ளிலும் உள்ள புரதம் துவர்ப்பைப் பற்றிக்கொள்கிறது. கறந்த பால் தேநீரின் துவர்ப்பை அடக்குவதும் இதே முறையில்தான். என் குழம்பில் பற்றிக்கொள்ள எதுவுமில்லை. அதுதான் அது கெட்டதற்குக் காரணம்.

இலையும் தோலும்

புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இதே இயல்புதான் விலங்குத் தோலைப் பதனிடுகிறது. கோடையில் பறித்த சுமாக் இலைகளை உலர்த்தி அரைத்து நீரில் கரைத்தால், தோலிலுள்ள புரதத்தோடு அந்தத் துவர்ப்பு பிணைந்து, அழுகாத, வளையக்கூடிய தோலாக அதை மாற்றும். மற்றப் பட்டைகளைப் போலத் தோலைச் சிவப்பாக்காமல் வெளிறிய நிறத்திலேயே விடுவதால், பிறகு எந்தச் சாயமும் தெளிவாக ஏறும். மொராக்கோத் தோல் எனப்படும் மெல்லிய ஆட்டுத்தோல் இதனாலேயே புகழ்பெற்றது. ஆட்டுத்தோலைப் பையாகத் தைத்து, உள்ளே சுமாக் கரைசலை நிரப்பி, தொட்டியில் மிதக்கவிட்டுப் பதனிடும் முறை இங்கிலாந்துப் பட்டறைகளில் இருந்தது. இலைத்தூள் பெரும்பாலும் சிசிலியிலிருந்து வந்தது.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட ஆட்டுத்தோல்கள் பெருமளவில் லண்டனுக்குச் சென்று புத்தக அட்டைகளாயின. நூலகங்களில் அட்டைகள் பொடிந்து உதிர்வதை ஆராய லண்டனின் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழு 1901ஆம் ஆண்டு அறிக்கையில், அத்தோல் வேறு பல வேலைகளுக்கு ஏற்றது என்றாலும் புத்தகக் கட்டுக்கு மிக மோசமானது என்று தீர்ப்பளித்தது. சுமாக்கால் பதனிட்டதையே நீடித்து நிற்கும் தோலாகப் பரிந்துரைத்தது. நம் கடுக்காயின் துவர்ப்பு, வகையால் ஆவாரம்பட்டையை விடச் சுமாக்குக்கே நெருக்கமானது.

தோல் பதனிடுவது வீட்டில் செய்யும் வேலையன்று. துணிக்குச் சாயமிடுவதை வீட்டிலேயே செய்யலாம். நூறு கிராம் எடையுள்ள வெள்ளைப் பருத்தித் துணியை, கஞ்சி முழுதும் போகும்படி சலவைச் சோடாவில் வேகவைத்து அலசிக்கொள்ளுங்கள். ஐம்பது கிராம் காய்ந்த சுமாக் இலையை மூன்று லிட்டர் நீரில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டி, அந்நீரில் ஈரத் துணியை அமிழ்த்தி ஓர் இரவு விடுங்கள். மான்கொம்புச் சுமாக்கின் இலையும் இதற்கு ஆகும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இலை தேடி அலையாமல், கலம்காரித் துணிக்குச் செய்வதுபோலக் கடுக்காய்த்தூளையே எடுத்துக்கொள்ளலாம். காலையில் துணியைப் பிழியுங்கள், அலச வேண்டாம். வேறொரு வாளியில் வெதுவெதுப்பான நீரில் இரும்பின் உப்பான அன்னபேதியை இரண்டு கிராம் கரைத்து, துணியை அதில் போட்டு இடைவிடாமல் புரட்டிக்கொண்டே இருங்கள். சில நிமிடங்களில் துணி சாம்பல் நிறமாகி, பின் கருக்கத் தொடங்கும். புரட்டுவதை நிறுத்தினால் திட்டுத் திட்டாகப் படியும். இன்னும் கறுப்பு வேண்டும் என்று அன்னபேதியைக் கூட்டக்கூடாது. இரும்பு மிகுந்தால் இழை நொய்ந்து கிழியும். மாறாக, துணியை அலசி, மறுபடியும் இலைநீரில் ஊறவைத்து, மறுபடியும் அதே இரும்பு நீரில் தோய்த்தால் நிறம் ஆழமாகும். கடைசியாக, நீர் தெளிந்து வரும் வரை அலசி நிழலில் உலர்த்த வேண்டும். இரும்பு நீர் பட்ட வாளியையும் கரண்டியையும் மீண்டும் சமையலுக்கு எடுக்கக்கூடாது.